சிமெண்ட் மூட்டைக்குள் சிப்பி ஓடு

வீடு கட்டும் இடத்தில் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாம்பல் நிறப் பொடி பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருகிறது. சரி, சுண்ணாம்புக்கல் எதிலிருந்து வந்தது? அது அரியலூர் கல்லங்குறிச்சிப் பக்கம் வெட்டிய கல் என்றால், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்த சிப்பிகளும் அவற்றோடு வாழ்ந்த பிற உயிர்களும் விட்டுச்சென்ற ஓடுகளிலிருந்து வந்தது.

அரியலூரில் கடலா என்று கேட்பீர்கள். இன்று அந்த ஊரில் நின்று பார்த்தால் சோளக்காடும் முந்திரித் தோப்பும் சிமெண்ட் ஆலைப் புகைபோக்கியும்தான் தெரியும். கடற்கரைக்குப் போக வேண்டுமானால் கிழக்கே வெகுதூரம் பயணம் செய்ய வேண்டும். ஆனால் ஒரு காலத்தில் கடலே இங்கு வந்திருந்தது. வந்தது, கோடிக்கணக்கான ஆண்டுகள் தங்கியது, அப்புறம் மெல்ல விலகிப் போனது. அது விட்டுச்சென்ற சேறும் மணலும் ஓடுகளும் எலும்புகளும்தான் இன்று அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் நிலம். திருச்சி மாவட்டத்தின் லால்குடிப் பக்கமும் இதில் கொஞ்சம் சேரும். முன்பு இவையெல்லாம் ஒரே திருச்சிராப்பள்ளி மாவட்டமாக இருந்தன. அதனால் பழைய நிலவியல் நூல்களில் இந்தப் பாறைகள் திருச்சிராப்பள்ளியின் பெயரிலேயே இருக்கும்.

ஒரு நிலப்பகுதியைப் பற்றிப் படிக்கும்போது பாடப்புத்தகத்தில் ‘மண் வகைகள்’ ஓர் இடத்திலும், ‘கனிம வளங்கள்’ வேறோர் இடத்திலும், ‘தொல்லுயிர் எச்சங்கள்’ இன்னோர் இடத்திலும் வரும். இந்த மாவட்டங்களில் அப்படிப் பிரிக்கவே முடியாது. இங்கே தொல்லுயிர் எச்சம்தான் கனிம வளம். அந்தப் பாறை மட்கித்தான் மண். மூன்றும் ஒரே கதை என்பதை இந்த ஊர்களை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கடல் ஏன் வந்தது?

இந்தியா எப்போதும் இன்றைய இடத்தில் இருந்ததில்லை. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, மடகாஸ்கர் எல்லாவற்றோடும் ஒட்டி ஒரே பெருநிலமாக இருந்தது. அந்தப் பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். பிறகு அது உடையத் தொடங்கியது. நம்முடைய கிழக்குக் கரை அண்டார்டிகாவிலிருந்து பிரிந்தபோது, பிரிந்த ஓரத்தில் தரை விரிசல் விட்டுத் தாழ்ந்தது. அப்படித் தாழ்ந்த பள்ளங்களில் ஒன்றைத்தான் காவிரிப் படுகை என்கிறார்கள்.

முதலில் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஆறுகள் களிமண்ணையும் மணலையும் கொட்டின. பெரம்பலூர் மாவட்டத்தில் தெரணி என்ற ஊரில் கிடைக்கும் வெள்ளைக் களிமண் அந்தக் காலத்தது. அதில் இலைகளின் அச்சுகள் இருக்கின்றன. பூக்கும் தாவரங்கள் உலகில் பெருகுவதற்கு முன் வாழ்ந்த செடிகளின் இலைகள் அவை. அதே களிமண் பீங்கான் தொழிலுக்கும் போகிறது.

பிறகு, ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் உள்ளே வந்தது. அது கிரெட்டேசியஸ் காலம். 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. பூமி அப்போது இன்றைவிட வெப்பமாக இருந்தது. துருவங்களில் இன்றுள்ள அளவு பனி இல்லை. பனியாக உறைந்திருக்க வேண்டிய நீரும் கடலில்தான் இருந்தது என்பதால் கடல்மட்டம் உயர்ந்து நின்றது. தரையும் தாழ்ந்திருந்தது. உலகின் பல தாழ்நிலங்களில் நடந்ததுபோல இங்கேயும் கடல் புகுந்துவிட்டது.

மேற்கிலிருந்து கிழக்கே ஒரு நடை

ஆற்றிலும் கடலிலும் படிவது எப்போதும் அடுக்கடுக்காகத்தான் படியும். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. நிலவியலில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய விதி இதுதான். ஆனால் அடுக்குகள் எல்லாம் தரைக்கு அடியில் கிடந்தால் எப்படிப் பார்ப்பது? ஆழ்துளை போட வேண்டியதுதான். அரியலூர், பெரம்பலூர் நிலம் நமக்கு அந்த வேலையை வைக்கவில்லை. இங்கே அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கின்றன. சீட்டுக்கட்டைத் தரையில் வைத்துக் கையால் ஒரு பக்கமாகச் சரித்தால் ஒவ்வொரு சீட்டின் ஓரமும் வெளியே தெரியுமே, அதே மாதிரி ஒவ்வோர் அடுக்கின் ஓரமும் தரையில் தெரிகிறது. அடிச்சீட்டு மேற்கே, மேல்சீட்டு கிழக்கே.

ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் பழைய காலத்திலிருந்து புதிய காலத்துக்கு நடக்கிறோம். பாடாலூர், ஊட்டத்தூர்ப் பக்கம் தொடங்கிச் செந்துறையைத் தாண்டிப் போவதற்குள் 4 கோடி ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிடலாம். இவ்வளவு சின்னப் பரப்பில் இவ்வளவு நீண்ட கடல் வரலாறு தரையிலேயே திறந்து கிடப்பது அபூர்வம். அதனால்தான் 1840-களிலேயே இங்கிருந்து சேகரித்த எச்சங்கள் லண்டன் வரை போய், 1846-இல் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றைப் பற்றி எழுதினார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த நிலத்தை நடந்து வரைபடமாக்கினார். அதே துறையில் வேலை செய்த ஃபெர்டினண்ட் ஸ்டோலிச்கா, தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிரினங்களைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதினார். நத்தை, சிப்பி என்று ஒவ்வொன்றையும் படம் வரைந்து பெயரிட்டு விவரித்த அந்தத் தொகுதிகளை உலகின் பல நாட்டு ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அதில் உள்ள உயிர்களின் ஊர் நம்முடையது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்து வளர வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை.

நடையின் தொடக்கத்தில், காரை என்ற ஊருக்குப் பக்கத்தில், புல் பூண்டு அதிகம் இல்லாத மேடு பள்ளமான நிலம் வரும். மழைநீர் அறுத்து அறுத்துச் சிறு சிறு ஓடைகளாகப் பிளந்த களிமண் மேடுகள். அந்தக் களிமண் ஒரு காலத்தில் அமைதியான, ஆழமான கடலின் அடிச்சேறு. வெயிலில் மின்னும் பளபளப்பான நார்க்கற்கள் அதில் நரம்பு நரம்பாக ஓடும். அவை ஜிப்சம். கையில் எடுத்து நகத்தால் கீறினால் கோடு விழும், அவ்வளவு மென்மை.

அந்தச் சேற்றில்தான் அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன.

அம்மோனைட் என்றால் என்ன?

பார்த்தால் பெரிய நத்தை என்றுதான் தோன்றும். ஆனால் அது நத்தை இல்லை. கணவாய், ஆக்டோபஸ் இவற்றின் உறவு. சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த, கடலில் நீந்திய உயிர். ஓட்டின் உள்ளே தடுப்புச் சுவர்கள் வைத்து வரிசையாக அறைகள் இருக்கும். கடைசி அறையில் மட்டும்தான் உயிர் குடியிருக்கும். மற்ற அறைகளில் உள்ள வாயுவையும் நீரையும் கூட்டிக் குறைத்துத் தன் எடையைச் சரிசெய்து நீரில் மிதந்தது. வளர வளரப் புது அறை கட்டி முன்னே நகர்ந்துவிடும்.

சாளக்கிராமம் பார்த்திருக்கிறீர்களா? பல வீடுகளில் பூஜையில் இருக்கும் கறுப்புக் கல். நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைப்பது. அதற்குள் சக்கரம்போலத் தெரிகிற சுருள், ஒரு அம்மோனைட் பதித்த அச்சுதான். அவை காரையில் கிடைப்பவற்றைவிடவும் பழையவை, வேறொரு கடலில் வாழ்ந்தவை. இன்று இமயமலை நிற்கும் இடத்திலும் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதற்கு அவையே சாட்சி.

நிலவியலாளர்களுக்கு அம்மோனைட் மேல் தனிப் பிரியம் உண்டு. காரணம் இருக்கிறது. அம்மோனைட் இனங்கள் வேகமாக மாறிக்கொண்டே இருந்தன. ஓர் இனம் தோன்றும், கடலெங்கும் பரவும், சில லட்சம் ஆண்டுகளிலோ சற்றுக் கூடுதலான காலத்திலோ மறைந்துவிடும், வேறோர் இனம் வரும். அதனால் ஒரு பாறையில் எந்த அம்மோனைட் இருக்கிறது என்று பார்த்தாலே அந்தப் பாறையின் வயதைக் கணித்துவிடலாம். காரையில் கிடைக்கும் அதே இனம் ஐரோப்பாவில் ஒரு பாறையில் கிடைத்தால், இரண்டும் ஒரே காலத்தவை. இப்படி வயது காட்டும் எச்சங்களை வழிகாட்டி எச்சங்கள் என்று சொல்கிறார்கள்.

காரைக் களிமண்ணில் அம்மோனைட்டோடு சுறாப் பற்களும், விரல் நீளத்தில் ஒரு முனை கூராக இருக்கும் பெலம்னைட்டுகளும் கிடைத்திருக்கின்றன. பெலம்னைட் என்பதும் கணவாய் வகையைச் சேர்ந்த உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டியான பாகம்தான். மீன் வடிவில் வாழ்ந்த இக்தியோசர் என்ற கடல் ஊர்வனவற்றின் எச்சங்களும் இங்கே கிடைத்துள்ளன.

உயிர் எப்படிக் கல்லாகிறது?

செத்துப்போன எல்லா உயிரும் தொல்லுயிர் எச்சமாகிவிடாது. பெரும்பாலானவை அழுகி, மற்ற உயிர்களால் தின்னப்பட்டு, தடமில்லாமல் போய்விடும். சீக்கிரமாகச் சேறோ மணலோ மூடிவிட்டால்தான் தப்பிக்க வாய்ப்பு. காற்று எட்டாத இடத்தில் அழுகல் மெதுவாக நடக்கும். சதை போய்விடும், ஓடு, எலும்பு, பல், மரம் போன்ற கெட்டியானவை நிற்கும். அப்புறம் பாறை இடுக்குகளில் ஊறும் நீர் தன்னில் கரைந்திருக்கும் கனிமங்களை அவற்றின் நுண்துளைகளில் படியவிடும். சில சமயம் பழைய பொருளைக் கரைத்து, அதன் இடத்திலேயே கனிமத்தை வைக்கும். சில சமயம் ஓடே கரைந்துபோய் அதன் அச்சு மட்டும் நிற்கும்.

இதற்கு நல்ல உதாரணம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் இருக்கிறது. அங்கே ஓடைக்கரையில் ஒரு முழு அடிமரம் கல்லாகிப் படுத்திருக்கிறது, 18 மீட்டர் நீளம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதைப் பற்றி உலகுக்குச் சொன்னார். இன்று அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம், கல்மரப் பூங்கா. பார்த்தால் மரம், தொட்டால் கல். மரத்தின் செல்களுக்குள் சிலிக்கா புகுந்து உறைந்ததால் நாரோட்டம்கூட அப்படியே தெரிகிறது. வியப்பான விஷயம் என்னவென்றால், அந்த மரம் நின்ற இடத்திலேயே புதையவில்லை. நிலத்தில் வளர்ந்து, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, கரைக்கு அருகே இருந்த கடலில் மூழ்கிப் படிந்தது. அதனால்தான் நிலத்து மரம் கடல் உயிர்களின் எச்சங்கள் உள்ள பாறைகளுக்கு நடுவே கிடக்கிறது.

அங்கிருந்து நகர்ந்தால் கருடமங்கலம். அங்குள்ள பாறை கருஞ்சாம்பல் நிறம். உள்ளே நத்தைகளும் சிப்பிகளும் நெருக்கியடித்துக் கிடக்கும். மெருகேற்றினால் கறுப்பில் வெள்ளைச் சுருள்கள் தெரியும். முன்பு இதை அலங்காரக் கல்லாக அறுத்து மேசைப் பலகையாகச் செய்தார்கள்.

சிப்பித் திட்டும் சிமெண்ட் ஆலையும்

இப்போது கல்லங்குறிச்சிக்கு வருவோம். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சுண்ணாம்புக்கல் இங்கேதான். இந்தக் கட்டத்தில் கடல் ஆழம் குறைந்து, தெளிந்து, வெதுவெதுப்பாக இருந்தது. அந்த ஆழமற்ற நீரில் தடித்த ஓடு கொண்ட சிப்பிகள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்தன. ஒரு தலைமுறை செத்தால் அதன் ஓட்டின் மேலேயே அடுத்த தலைமுறை. இப்படி ஓடுகள் திட்டுத் திட்டாகக் குவிந்து பாறையாயின. நடுநடுவே கடல் முள்ளெலிகளும் வேறு பல ஓட்டுயிர்களும் இருக்கும். சுரங்கத்தின் வெட்டு முகத்தைப் பார்த்தால் பாறைக்குள் சிப்பி இருக்கிறது என்று சொல்லத் தோன்றாது. சிப்பிதான் பாறை.

ஓடு எதனால் ஆனது? கால்சியம் கார்பனேட். கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கரியமில வாயுவிலிருந்து வந்த கார்பனேட்டையும் எடுத்து உயிர்கள் ஓடு கட்டுகின்றன. சிமெண்ட் ஆலைக்குத் தேவையானதும் அதே கால்சியம் கார்பனேட்தான். சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து, களிமண் சேர்த்து, சூளையில் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுவார்கள். கட்டி கட்டியாகக் கிளிங்கர் வரும். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். ஜிப்சம் சேர்க்காவிட்டால் தண்ணீர் ஊற்றியதும் கலவை சட்டென்று இறுகிவிடும், கொத்தனாருக்குப் பூச நேரம் இருக்காது. காரையில் பார்த்த அந்தப் பளபளப்பான நார்க்கல் ஞாபகம் இருக்கிறதா? அதே கனிமம்தான்.

1939-இல் கல்லக்குடியில் டால்மியா ஆலை வந்தது. பிறகு அரியலூரைச் சுற்றித் தமிழ்நாடு அரசின் ஆலை உள்படப் பல ஆலைகள் வந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இவற்றால் பிழைக்கின்றன. கூடவே லாரி, தூசி, ஆழமான பள்ளங்கள். இன்னொன்றும் உண்டு. சூளையில் சுடும்போது, அந்தச் சிப்பிகள் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓட்டில் பூட்டிவைத்த கரியமில வாயு மறுபடி காற்றில் கலக்கிறது. சிமெண்ட் தொழில் புவி வெப்பமாதலுக்குக் காரணமாகிறது என்று சொல்வதில் எரிபொருள் புகை பாதிக் கதைதான். மீதிக் கதை இந்தக் கல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சுரங்கம் வெட்டியதால்தான் பல எச்சங்கள் கண்ணுக்கே வந்தன என்பது உண்மை. வெட்டியதால் பல எச்சங்கள் யாரும் பார்க்காமலே அரைபட்டுப் போயின என்பதும் உண்மை. வெட்டு முகம் திறந்ததும் ஒரு நிலவியலாளர் வந்து பார்க்க நேரம் கொடுத்தால், சுரங்க வேலையும் நடக்கும், எச்சங்களும் தப்பிக்கும் என்பது என் கருத்து. பெரிய செலவு ஒன்றும் இல்லை.

டைனோசர் இருந்ததா?

பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வியை இவ்வளவு நேரம் தள்ளிவிட்டேன். இருந்தது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லுக்கு அப்புறம் கடல் பின்வாங்கியது. கடலோரத்தில் ஆறுகள் மணலைக் கொண்டுவந்து பரப்பின. அந்த ஆற்று மணல் அடுக்கு கல்லமேட்டில் தெரிகிறது. அங்கே டைனோசர் எலும்புகளும் பற்களும் கிடைத்தன.

1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் கல்லமேட்டிலிருந்து மிகப் பெரிய எலும்புகளை அறிவித்தார்கள். அதில் ஒரு கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம், அதாவது உங்கள் வீட்டுக் கதவு உயரம். முதலில் அதை ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள், நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி வகை என்றார்கள். இதுவரை வாழ்ந்த நில விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்றும் பேச்சு எழுந்தது. ஆனால் எலும்புகள் மிக நொறுங்கலாக இருந்தன. ஈரமும் மழையும் பட்டு அவை சிதைந்தே போயின. இன்று எலும்பு இல்லை, பழைய படங்களும் குறிப்புகளும் மட்டுமே இருக்கின்றன. அதனால் அதன் உண்மையான அளவை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புதைந்திருந்த வரை பத்திரமாக இருந்த எலும்பு, வெளியே வந்ததும் சில காலத்தில் அழிந்துவிடும் என்பதை இதைவிட வலியோடு யாரும் கற்றிருக்க முடியாது.

கல்லமேட்டில் கிடைத்த சில முதலை இனப் பற்கள் மடகாஸ்கர் தீவில் கிடைத்தவற்றைப் போலவே இருக்கின்றன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்த காலத்தின் உறவு அது.

முட்டைக் கதையும் ஒன்று சொல்ல வேண்டும். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி மண் எடுத்த இடத்தில் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது, மக்கள் கூடிவிட்டார்கள். நிலவியலாளர்கள் வந்து பார்த்துவிட்டு, அவை முட்டை அல்ல, அம்மோனைட்டைச் சுற்றிக் கனிமம் திரண்டு உருவான உருண்டைகள் என்றார்கள். சேற்றில் ஓர் ஓடு கிடந்தால் அதைச் சுற்றிக் கனிமம் படிந்து படிந்து உருண்டையாவது இந்தப் பகுதியில் சாதாரணம். முட்டை என்றால் ஓட்டின் நுண்துளைகள் தெரிய வேண்டும். வடிவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

இன்னும் கிழக்கே நின்னியூர். அங்கே கடல் மறுபடி வந்து சுண்ணாம்புக்கல்லை விட்டுப்போயிருக்கிறது. ஆனால் அந்தக் கல்லில் அம்மோனைட் இல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி, பறவைகளைத் தவிர்த்த டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் உலகெங்கும் அற்றுப்போனதற்கு அப்புறம் படிந்த கல் அது. ஒரு பேரழிவின் முன்னும் பின்னும், நம் ஊர்ப் பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கிறது.

மண்ணும் பயிரும், ஆழத்தில் எண்ணெயும்

பாறை மாறினால் மண் மாறும். களிமண் அடுக்குகள் உள்ள பெரம்பலூர்ப் பக்கம் கரிசல். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளைகின்றன. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் போனால் மண் சிவந்துவிடும். அது கடல் விலகிய பிறகு வெகுகாலம் கழித்துப் படிந்த மணற்கல்லின் மேல் உண்டான மண். அங்கே முந்திரி. ஜெயங்கொண்டம் பகுதியில் அடியில் பழுப்பு நிலக்கரியும் இருக்கிறது, நெய்வேலியில் எடுப்பதே அந்த வகைதான்.

இந்தக் கிரெட்டேசியஸ் அடுக்குகள் கிழக்கே சாய்ந்து போகின்றன என்று சொன்னேன் அல்லவா? டெல்டாவுக்கு அடியில் அவை மிக ஆழத்துக்குப் போய்விடுகின்றன. நரிமணம் போன்ற இடங்களில் கிடைக்கும் எண்ணெயும் எரிவாயுவும் இதே காவிரிப் படுகையின் ஆழத்திலிருந்து வருபவை.

நீங்கள் செய்து பார்க்க

ஒரு கல் சுண்ணாம்புக்கல்லா என்று அறிய, அதைக் கொஞ்சம் சுரண்டிப் பொடியாக்கி, அதன் மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. நுரை என்பது வெளியேறும் கரியமில வாயு. கோழிமுட்டை ஓட்டிலும் இதைச் செய்யலாம், அதுவும் அதே பொருள்தான்.

வயலிலோ ஓடையிலோ சுருள் கல்லைப் பார்த்தால், பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் ஒரு நாணயமோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள். எந்த ஊர், எந்த ஓடை, கல் பாறையில் பதிந்திருந்ததா தளர்ந்து கிடந்ததா என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத எச்சம் பாதி செய்தியை இழந்துவிடுகிறது. சாத்தனூரில் ஒரு துண்டுகூட உடைக்கவோ எடுக்கவோ கூடாது. கைவிட்ட சுரங்கப் பள்ளங்களில் நீர் நிறைந்திருக்கும், ஓரம் சரியும், அங்கே இறங்கவே வேண்டாம். கிடைத்ததைக் காட்டி விளக்கம் கேட்க, அரியலூர் அருகே வாரணவாசியில் தொல்லுயிர் எச்சங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளியிலிருந்து சுற்றுலா போவதாக இருந்தால் அங்கே ஒரு நாள் ஒதுக்கச் சொல்லி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.